சத்தம் போடத் தெரியாத மிட்ஃபீல்டர்

எடப்பாடிக்கு வந்து பதினைந்து நாளாகிறது. எதைச் சொன்னாலும் கத்துகிறேனாம். நேற்று தண்ணீர்ச் சொம்பை எடுத்துத் தரச் சொன்னதற்கு அப்பா காதைப் பொத்திக்கொண்டு, “ஏஞ்சாமி, நாங்க என்ன அடுத்த ஊர்லயா இருக்கறோம்?” என்றார். மூன்று வருடமாகப் பின்லாந்தில் கால்பந்து ஆடிப் பிழைக்கிறவள் நான். இந்தத் தொண்டை அங்கே வாங்கியது.

எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கொட்டகை. நாலு விசைத்தறியும் சேர்ந்து ஓடும்போது எவ்வளவு கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் உள்ளே யாரும் குரல் எடுப்பதே இல்லை. வாயை மட்டும் அசைப்போம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அம்மா ஒரு கோடியிலும் நான் மறுகோடியிலும் நின்று சொந்தக்காரர்கள் வம்பு முழுவதையும் பேசித் தீர்த்திருக்கிறோம். யார் எங்கே நிற்கிறார்கள், யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று சதா பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். நடுக்களத்தில் ஆடுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் மெச்சிக்கொண்டார்.

பின்லாந்தில் முதல் வருடம் ஓர் ஆட்டம். எங்கள் தடுப்பு வரிசையில் ஆடும் ஐனோ பந்தோடு என்னைப் பார்த்துத் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் எதிரணிக்காரி ஒருத்தி பாய்ந்து வருகிறாள். இந்த மாதிரி நேரத்தில் அங்கே “செல்கா” என்று கத்துவார்கள். முதுகு என்று பொருள். நானும் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். ஆனால் உதட்டால் மட்டும், அதுவும் “பின்னாடி பாரு” என்று தமிழில். அடுத்த நொடி ஐனோ கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள்.

“ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார் கோச்.

“சொன்னேன்” என்றேன். பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் பயிற்சிக்கு முன்னால் காலி மைதானத்தின் ஓரத்தில் என்னைத் தனியே நிறுத்தி, “செல்கா, செல்கா” என்று கத்த வைத்தார். வெட்கத்தில் செத்தேன். ஆனாலும் கற்றுக்கொண்டேன்.

ஆடப் போன இடத்தில் அடைந்து கிடக்கிறேன் என்பதுதான் உண்மை. என் விசாவே அந்தக் கிளப்பை நம்பித்தான் இருக்கிறது. கிளப் கொடுத்த அறை, கூரை போட்ட மைதானம், மூன்று மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம். புரியாத பேச்சுக்கெல்லாம் தலையாட்டிவிடுவேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தத் தலையாட்டல் தெரிந்திருக்கும். இன்னொரு வருடத்துக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போகத் துளியும் மனசில்லை. அப்பாவோ டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட “எம்புள்ள ஃபாரின்ல ஆடறாளுங்க” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அவரிடம் எந்த வாயால் சொல்வது? “இருந்துக்க” என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவேன்.

புதன்கிழமை காலை கொட்டகைக்குள் போய் நின்றேன். தறிகளுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். எனக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் அசைத்தாள். நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்த்த உதடு, ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. பயந்துபோய், கோச்சுக்கு ஆட்டுவது போலத் தலையை ஆட்டிவைத்தேன்.

அந்தத் தலையாட்டல் அம்மாவுக்குச் சரியாகப் படவில்லை. பிறகு நாலு தறியையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். துணி பார்க்க வரும் வியாபாரிக்கும், மீட்டர் பார்க்க வருகிறவருக்கும்தான் எங்கள் கொட்டகையில் தறி நிற்கும். வீட்டு ஆளோடு பேசுவதற்காக நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

“இங்கயே இருந்துக்கறயான்னு கேட்டேஞ்சாமி. அதுக்குத் தலையாட்டுனியா, இல்ல சும்மா ஆட்டுனியா?”

நான் ஏங்கிக் கிடந்த கேள்வி அதேதான். ஆனால் அதைக் கேட்க, வெளியாளுக்கு நிறுத்துவதுபோல எனக்கும் தறியை நிறுத்த வேண்டியிருந்ததே என்று அழுகை வந்தது.

“சும்மாதாம்மா ஆட்டுனேன். போய்ட்டு வாரேன்.”

அம்மா தறிகளை ஒவ்வொன்றாக ஓட்டினாள். நாலாவது தறியும் ஓடத் தொடங்கியதும், என் பக்கம் திரும்பி மறுபடி ஏதோ சொன்னாள். இந்த முறை நான் தலையாட்டாமல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.