எடைக்கல்லில் வைத்த சந்தனம்

என் தங்கை நர்மதா நாமக்கல்லில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் தரப் பொறுப்பாளராக இருந்தாள். கோழித் தீவனம், முட்டை, குடிநீர் எல்லாம் அங்கே சோதனைக்கு வரும். நான் எட்டாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தவள். அவள் கையெழுத்துப் போட்ட அறிக்கை முட்டையோடு கப்பலேறிப் போகிறது என்று துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

கூடத்தின் முதலாளி குமரகுரு. தர அங்கீகாரம் வாங்கியே ஆகவேண்டும் என்று அவரை விடாமல் நச்சரித்தவள் இவள்தான். அவர் பரமத்தி வேலூரில் இருந்த வாழைத் தோட்டத்தை விற்றுப் புதுத் தராசும் கருவிகளும் வாங்கினார். ஆய்வுக்கு வந்தவர்கள் குறை சொன்னதையெல்லாம் இவள் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். அங்கீகாரம் கிடைத்த அன்று குமரகுரு எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"இது உங்க தங்கச்சி வாங்கிக் குடுத்ததுங்க" என்று இனிப்புப் பெட்டியை என்னிடம் நீட்டினார். அதற்கப்புறம் ஏற்றுமதிக்காரர்கள் தேடி வந்தார்கள். அந்த அறிக்கையை எந்த ஊரிலும் மறுத்துப் பேச முடியாது என்பாள் நர்மதா.

அங்கே ஒரு சின்ன எடைக்கல் உண்டு. தினமும் காலையில் அதை வைத்துத்தான் தராசைச் சரிபார்ப்பார்கள். கைப்பிசுக்கு ஒட்டினால்கூட எடை மாறிவிடும் என்பதால் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அந்த வருட ஆயுதபூஜையன்று அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நர்மதா லீவில் இருந்தாள். குமரகுரு எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்தார். இந்தக் கூடத்துக்கே தலையான ஆயுதம் அதுதான் என்று எடைக்கல்லையும் பெட்டியிலிருந்து எடுத்துச் சந்தனம் வைத்தார். மறுநாள் ஈரத்துணியால் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

தை மாதத்தில் கல்லின் குமிழுக்குக் கீழே, கழுத்து மடிப்பில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருப்பதை நர்மதா பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. நேரே அவரிடம் போனாள்.

"ஒரு பொட்டுச் சந்தனமுங்களா அம்முணி? நாம நிறுக்கறது தீவனம்தான, தங்கமா?" என்று சிரித்தாராம்.

"கொஞ்சந்தானுங்க சார். எத்தன கொஞ்சம்னு தெரியலீங்களே. பூஜையிலிருந்து ரிப்போர்ட் வாங்குன ஆளுக எல்லாத்துக்கும் சொல்லோணுங்க. அதுதான் நாம ஒத்துக்கிட்ட விதி."

"சொன்னா எவன் சாமி திரும்பி வருவான்?"

அவள் அறிக்கைப் பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுது" என்றார்.

கடிதங்கள் போயின. சோதித்த பிறகு ஒதுக்கி வைத்திருந்த மாதிரிகளை இவள் மறுபடி சோதித்துக் கொண்டிருக்கும்போதே மல்லசமுத்திரத்துத் தீவன ஆலைக்காரர் தீனதயாளன் போன் செய்தார்.

"ஏனுங்க, இத்தன நாளாத் தப்பாத்தான் சொல்லிட்டு இருந்தீங்களா?"

"தப்பா இருக்குமோன்னு பாக்கறமுங்க."

"பக்கத்து லேப்ல ஒரு நாளும் இப்படிக் காயிதம் வந்ததில்லீங்களே!"

மறுசோதனையில் ஒரு முடிவுகூட மாறவில்லை. அங்கீகாரம் கொடுத்தவர்களும் நடந்ததைக் கேட்டு, செய்தது முறைதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். அதையும் எல்லோருக்கும் எழுதினாள். யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. தப்பு ரிப்போர்ட் கொடுத்த லேப் என்ற பேச்சுத்தான் ஊரில் நின்றது. மாதிரி வரத்து நின்றுபோனது. ஆடி மாதம் கூடத்தை மூடினார்கள்.

கருவிகளை லாரியில் ஏற்றிய அன்று குமரகுரு அவளை வாசலில் நிறுத்திச் சொன்னாராம்: "நீ செஞ்சதுல தப்பில்ல சாமி. ஆனா இனி என்ற ஊட்டுக்கு வராத. உன்னப் பாத்தா எனக்குத் தாங்கல."

வந்து என்னிடம் இதை அப்படியே சொன்னாள். "நீ செஞ்சது சரிதான் கண்ணு" என்றேன்.

"அது எனக்குத் தெரியுமக்கா. ஒரு வார்த்த அவுரு திட்டியிருக்கலாம்."

நாமக்கல்லில் வேறு கூடங்களில் கேட்டுப் பார்த்தாள். "நர்மதாவா? உள்ள வெச்சா நம்மளையும் ஊருக்கெல்லாம் காயிதம் போட வெச்சிருவா" என்று ஒருவர் சிரித்தது எங்கள் காதுக்கே வந்தது. இப்போது தினமும் பஸ்ஸில் போய், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகளைப் பதிந்து வாங்கி வைக்கிறாள். அறிக்கையில் அவள் கையெழுத்து இல்லை.

பேருந்து நிலையத்துக்கு எங்கள் தெருவிலிருந்து நேர்வழியில் போனால் குமரகுருவின் வீடு வரும். சாயங்காலத்தில் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் அந்தப் பக்கம் போனால், "தங்கச்சி நல்லாருக்குதுங்களா?" என்று கேட்பார். நர்மதா சந்தைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போய் வருகிறாள்.