பாதிக் கூடாரம்

சோப்புக் கட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அண்ணி கண்ணை மூடுகிறார். கை ஒருமுறை லேசாக ஏறி இறங்குகிறது. “எழுபத்தஞ்சு கிராமுக்கு மேல, எண்பதுக்கு உள்ள.” பிறகுதான் சமையலறைத் தராசில் வைக்கிறார். தராசு அவர் பேச்சை மீறுவதில்லை. நூலொன்றைக் கட்டியின் நடுவில் சுற்றி இழுக்கிறார்; சோப்பு இரண்டாகிறது. ஒரு பாதி முதுகுப்பைக்கு, மறுபாதி குளியலறைக்கு. “நாலு நாளைக்கு முழு சோப்பு எதுக்கு? மலைக்கு நான் என்ன குளிக்கவா போறேன்?”

அண்ணிக்குத் தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே கவுண்டர், அதே ஆடும் நாற்காலி. யார் எதை நீட்டினாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்: “உள்ள என்ன? உடையுமா?” வீட்டிலும் அப்படித்தான். கடையிலிருந்து வாங்கி வந்த பையை நீட்டினால் அதே கேள்வி, அதே வரிசையில். “உள்ள என்ன, உடையுமான்னு கேட்காம நான் வாங்கின ஒரே பார்சல் உன் அண்ணன்தான்” என்பார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது வேடிக்கைப் பேச்சு. போன வருடம் ஒரு மதியம், அலுவலக நாற்காலியில் இருந்தபடியே அண்ணனின் இதயம் நின்றுவிட்டது. அண்ணி இன்றும் அதே வார்த்தைகளை அதே குரலில்தான் சொல்கிறார். கேட்கிற எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை அண்ணனும் அண்ணியும் முதுகில் பையோடு மலையேறுவார்கள். மூன்று இரவு கூடாரத்தில். இந்த வருடம் அண்ணி தனியாகப் போகிறார்.

திட்டம் போட உட்கார்ந்தபோதுதான், தனக்குத் தெரிந்தது பாதி என்பது அவருக்கே தெரிந்தது. ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பாடு, ஈரச் சட்டையை எங்கே கட்டித் தொங்கவிடுவது, விடியும் முன் அண்ணனை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் அண்ணியின் கணக்கு. அடுப்பு, வரைபடம், தண்ணீர் கிடைக்கும் இடம் அண்ணனின் கணக்கு. இப்போது சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் விரிந்து கிடக்கிறது. தட்டு வைக்க ஒரு மூலைதான் மிச்சம். “இந்தக் கோடெல்லாம் நெருங்கி வந்தா செங்குத்து ஏத்தம், அங்க மூச்சு வாங்கும்னு உன் அண்ணன் சொல்வார். எனக்கு எங்க தெரியும்? நான் அவர் முதுகைப் பார்த்தே நடந்தவ. வழியைப் பார்த்ததே இல்ல.”

பென்சிலால் முதலில் அவர் குறித்தது தங்கும் இடங்களை அல்ல, திரும்பும் இடங்களை. ஏன் என்று கேட்டேன். “இந்த ஓடையில தண்ணி முட்டிக்கு மேல போனா திரும்பிடுவேன். இந்த மேட்டுல மதியத்துக்குள்ள ஏறலைன்னா திரும்பிடுவேன். வீம்புக்கு ஏற மாட்டேன் நாத்தனாரே, பயப்படாத.” என்னை வம்புக்கு இழுக்கும்போதுதான் நான் நாத்தனார்.

அலுவலகத்திலும் செய்தி பரவிவிட்டது. பக்கத்துக் கவுண்டர்காரருக்கு முத்திரை என்று பட்டப்பெயர். மேசை அதிர அவர் முத்திரை குத்துவதால் வந்தது. “என்னம்மா, உன்னையே பார்சல் கட்டிக்கிறியாமே? விலாசம் எழுதிட்டியா?”

“எழுதிட்டேன். அனுப்புநர் விலாசம் மட்டும். போய்ச் சேரலைன்னா திருப்பி வீட்டுக்கே அனுப்பிடுவீங்கல்ல?”

முத்திரை சிரித்தார். அன்று முழுவதும் மெதுவாகவே குத்தினார்.

எதிர்ப்பு அம்மாவிடமிருந்துதான் வந்தது. அண்ணன் போன பிறகும் அம்மா என் வீட்டுக்கு வரவில்லை, மருமகளோடுதான் இருக்கிறாள். “கால் சுளுக்கினா யாரு தூக்குவா? சொல்லு பார்ப்போம்.”

“அத்தை, உங்க மகன் இருந்தப்ப மட்டும் என்னை யாரு தூக்கினா? அவர் மூட்டையிலேயே பாதி என் முதுகுலதான் இருந்துச்சு.”

அம்மா சிரிக்கவில்லை. “ஒரு பிள்ளையைத்தான் கொடுத்துட்டேன். உன்னையும் கொடுத்துட்டு இந்த வீட்ல நான் யாருக்குக் கதவைத் திறந்துவிட?” என்றாள். அண்ணி வரைபடத்தை மடித்தார். மடிப்பு சரியாக வராததால் பிரித்து மறுபடியும் மடித்தார்.

கடைசியில் அம்மாவே ஒரு நிபந்தனை வைத்தாள். அந்தக் கூடாரத்தை எழுப்ப இரண்டு பேர் வேண்டும் என்று மகன் சொல்லக் கேட்டிருக்கிறாள். “யாரும் கை வைக்காம என் கண் முன்னாடி நீயா அடிச்சுக் காட்டு. முடிஞ்சா போ. முடியலைன்னா பேசாம வீட்ல இரு.” அண்ணி சரி என்றார். அண்ணி சரி என்றால் அது ரசீது கிழித்துக் கொடுத்த மாதிரி.

ஒரு ஆள் படுக்கிற கூடாரம் புதிதாக வாங்கிக்கொள்ளலாமே, எடையும் குறையுமே என்றேன். “புதுசு கைக்குப் பழகவே ஒரு வருஷம் ஆகும். இது பாதியாவது பழகியிருக்கு.”

அந்தப் பாதிதான் காலை வாரியது. குடியிருப்புக்குப் பின்னால் உள்ள காலி மனையில் முதல் ஒத்திகை. நீளக் கம்பு ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு வில்லாக வளைய வேண்டும். இரண்டு முனையும் மூலை வளையங்களில் செருகி நிற்க வேண்டும். எப்போதும் அண்ணி இந்தப் பக்கம் நின்று தள்ளுவார், அண்ணன் அந்தப் பக்கம் இழுத்துச் செருகுவார். அன்றும் அண்ணி துணியின் உறைக்குள் கம்பை நுழைத்தார், காலை ஊன்றித் தள்ளினார், தலையை நிமிர்த்தாமலே குரல் கொடுத்தார்: “ம்... இழுங்க!”

சுவரோரம் நின்ற நான் இரண்டடி ஓடிவிட்டேன். பிறகு நின்றேன். என்னை அவர் நீ என்றுதான் சொல்வார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். கம்பு எதிர்ப்பக்கம் நழுவி வெளியே வந்து மண்ணைக் குத்தியது. அண்ணி குனிந்தபடியே கம்பை உருவினார். “சரி, இன்னிக்கு இது போதும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியைச் சுருட்டினார்.

அம்மாவுக்குக் காட்டும் நாள் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மா மனையில் உட்கார்ந்தாள், மடியில் இரண்டு கைகளையும் கோத்து வைத்துக்கொண்டு. காற்று வேறு. முதல் முறை கம்பு நழுவியது. இரண்டாம் முறையும் நழுவியது. அண்ணி அந்தப் பக்கம் ஓடிச் செருகினால் இந்தப் பக்கம் விடுபடுகிறது. இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம். “போதும்மா, வா, உள்ள போலாம்” என்றாள் அம்மா. அதட்டலாக அல்ல. அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

அண்ணி உள்ளேதான் போனார். திரும்பி வரும்போது கட்டி முடித்திருந்த முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பத்து நாளாகக் கிராம் கிராமாகக் குறைத்துக் கட்டிய பை. எதிர் மூலையில், அண்ணன் குந்தி உட்காரும் இடத்தில், கம்பின் முனையை வளையத்தில் செருகி அதன் மேல் பையைச் சாய்த்து வைத்தார். நகராதபடி அழுத்தினார். பிறகு தன் பக்கம் வந்து, சத்தமில்லாமல் தள்ளினார். கம்பு வளைந்தது. துணி மெல்ல எழுந்து நின்றது.

அண்ணி முளைகளை அடித்து முடித்தார். அம்மா கேட்டாள்: “ராத்திரியில காத்து பெருசா அடிச்சா?”

“காத்து அடிச்சா உங்க மகன் எழுந்திரிக்க மாட்டார், அத்தை. படுத்தபடியே அவர் பக்க வாசலைத் திறந்து, கையை மட்டும் வெளிய விட்டு, கூடாரக் கயித்தை இழுத்து இறுக்குவார். எனக்கு ஜிப் சத்தம்தான் கேட்கும். நான் திரும்பிப் படுத்துக்குவேன்.”

சொல்லிவிட்டு அண்ணி செருப்பைக் கழற்றினார். தன் பக்க வாசல் வழியாகத் தவழ்ந்து உள்ளே போய் அதை மூடிக்கொண்டார். சிறிது நேரம் துணி மட்டும் காற்றில் படபடத்தது. பிறகு அண்ணன் பக்கத்து ஜிப், நெடுநாள் யாரும் தொடாததால் இரண்டு இடத்தில் சிக்கிச் சிக்கி, ஒரு சாண் அளவுக்குத் திறந்தது. கை மட்டும் வெளியே வந்தது. மண்ணைத் தடவியது. கயிற்றைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, பிடித்துக்கொண்டது. துணியின் படபடப்பு அடங்கும்வரை இழுத்து இறுக்கியது. இறுக்கிய பிறகும் அந்தக் கை உடனே உள்ளே போகவில்லை. கயிற்றின் மேலேயே இருந்தது.