பட்டாளத்துக் கோட்டுக்கு ஒரு கை சோறு

தம்பி அந்தக் காக்கிக் கோட்டை உதறியதும் ஏலக்காய் வாசனை அடித்தது. பழைய பட்டாளத்து உடுப்புகளைச் சேர்க்கிறவர் அவர்; கூடப் பிறந்தவர் இல்லை, பழக்கத்தில் தம்பி என்பேன். அம்மா இறந்தபிறகு நான்தான் கோட்டைக் கொடுத்து, யாருடையது என்று தேடிச் சொல்லச் சொல்லியிருந்தேன்.

அம்மா அதைப் போடிச் சந்தையில் பழந்துணிக் குவியலில் வாங்கினாள். சேலைக்குமேல் போட்டுக்கொண்டு, போடிமெட்டு ஏறும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவாள். சாயங்காலம் அவள் திரும்பியதும் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். ஈரமும் அடுப்புப் புகையும் ஏலக்காயும் சேர்ந்து மணக்கும்.

சண்டையில் செத்தவன் கோட்டுதான் சந்தைக்கு வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அமாவாசைதோறும் காக்கைக்குச் சோறு வைக்கும்போது அவனுக்கும் ஒரு கை வைப்பாள்.

"புருசன் பசியோட உக்காந்திருக்கேன், எவனோ ஒருத்தனுக்குச் சோறா?" என்பார் அப்பா.

"மலையில குளுருக்கு நீங்களா வந்து காக்குறீக? அவன் கோட்டுதான காக்குது. எந்த ஆத்தா பெத்த பிள்ளையோ, பேரு தெரிஞ்சா சொல்லிக் கூப்பிடலாம்" என்பாள் அம்மா.

கழுத்துப்பட்டைக்குள் எழுதியிருந்த பட்டாளத்து நம்பரை வைத்துத் தம்பி பேரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணே, அவரு சண்டைல சாகல. ஊரு திரும்பி, பேரன் பேத்தி எடுத்து, வயசாகித்தான் செத்தாரு. அம்மா சோறு வச்சப்ப உசுரோடதான் இருந்திருக்காரு."

சிரித்துவிட்டேன். அப்பா இருந்தால் அம்மாவைக் கேலி செய்தே கொன்றிருப்பார். "நல்லாருந்தானா, அது போதும்" என்றிருப்பாள் அம்மா.

வரும் அமாவாசைக்கு அம்மாவுக்கு வைத்துவிட்டு, அவருக்கும் ஒரு கை வைக்க வேண்டும். எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஆனாலும் அம்மா காதில் விழுகிற மாதிரி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.