பெகிர் கேப்டன் கரையேறினாரா?

எங்கள் குன்றில் நாஸிரேயைப் போல ஒரு நாடக ரசிகை பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. சும்மா புகழவில்லை. 'அலைவாசல்' தொடர் ஓடிய மூன்று வருடமும் செவ்வாய்க்கிழமை தவறாமல் அவள் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்போம். அவள் பாதி பின்னிய காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த டாக்டர் பொய் சொல்றான், முழியைப் பாருங்கடி" என்பாள். அடுத்த வாரம் பார்த்தால் டாக்டர் பொய்தான் சொல்லியிருப்பான். வேலைக்காரி பெர்வின் மருந்துக்கடைக்காரனைத்தான் கட்டுவாள் என்று அவள் சொன்னபோது நான் சிரித்தேன். இருமல் மருந்து வாங்க வந்தவளிடம் அவன் இரண்டு தடவை பேர் கேட்டானாம், அதை வைத்துச் சொன்னாள். கடைசியில் அப்படியே நடந்து என் வாயை அடைத்துவிட்டது.

ஆள் பார்க்க ஒல்லி. ஆனால் தேயிலைக் கத்தரியைக் கையில் எடுத்தால் இரண்டு ஆள் வேலை செய்வாள். துருக்கியில் எங்கள் ரிஸேப் பக்கத்துச் சரிவுகளில் ஆட்டுக்கே கால் நடுங்கும். அதில் அவள் கொழுந்து மூட்டையைச் சுமந்துகொண்டு பேசிக்கொண்டே இறங்குவாள். மூட்டைகளைக் கீழே இறக்குகிற இரும்புக் கம்பி ஒருமுறை கப்பியில் சிக்கிக்கொண்டது. ஆண்கள் நாலு பேர் அண்ணாந்து பார்த்து யோசனை சொல்லிக்கொண்டு நின்றார்கள். நாஸிரே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பத்தில் ஏறிச் சரிசெய்துவிட்டு, இறங்கி வந்து, "யோசனை முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அப்படிப்பட்டவள்.

அவள் கணவர் செலாமி நெத்திலிப் படகில் வேலை பார்த்தார். எட்டு வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அந்தப் படகு கருங்கடலில் கவிழ்ந்தது. மற்றவர்களின் உடல்கள் கரைக்கு வந்து சேர்ந்தன. செலாமி வரவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நாஸிரேயின் பதில் ஒன்றுதான்: "அவர் இன்னும் வரலை."

எங்கள் குன்றில் செத்தவர் பேரை மொட்டையாகச் சொல்ல மாட்டோம். நாற்பது வருடம் முன்னால் போன ஆளாக இருந்தாலும் 'மர்ஹூம்' என்று முன்னால் சேர்க்காமல் நாக்கு புரளாது. செலாமி பேருக்கு மட்டும், நாஸிரே காதில் விழும்படி, யாரும் அதைச் சேர்த்ததில்லை. புதிதாக வந்த இமாம் ஒரு கல்யாண வீட்டில் விஷயம் தெரியாமல் சேர்த்துவிட்டார். நாஸிரே அவர் முன்னாலிருந்த சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு, "நீங்க பார்த்தீங்களா ஹோஜா?" என்று கேட்டாள். பாவம் மனிதர், அன்று பசியோடுதான் வீட்டுக்குப் போனார்.

இதில் உண்மையில் வெந்துகொண்டிருந்தது செலாமியின் தாய் குலிஸார் மாமிதான். மருமகளோடுதான் இருக்கிறார். மாமிக்கு மகன் போய்விட்டான் என்று தெரியும். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் அந்த வீட்டில் வெண்ணெயில் ரவையை வறுத்து அல்வா கிண்டி, ஓதி, அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். மகனுக்கு அதைச் செய்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும், வேறு ஆசையே இல்லை அந்த மனுஷிக்கு. ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டார். "நான் வேண்டாம்னு சொல்லலை மாமி. அவர் போயிட்டார்னு சொல்ல எனக்கு வாய் வரலை" என்றாளாம் நாஸிரே. அதற்குப் பிறகு மாமி கேட்கவில்லை. மகன் ஞாபகம் முட்டிக்கொண்டு வந்தால் என் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பிப் போவார். போன குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது நாடக டாக்டர் இல்லை, நிஜ டாக்டர்.

இந்த நிலைமையில்தான் 'அலைவாசல்' முடிந்தது. கடைசிப் பகுதியில் கேப்டன் பெகிர், தனக்குத் துரோகம் செய்த தம்பி நெதிமைக் காப்பாற்றப் புயலில் கடலுக்குள் குதிக்கிறார். தம்பி கரையேறுகிறான். பெகிரை அதற்குப் பிறகு காட்டவே இல்லை. அவர் மனைவி ஷெர்மின் வீட்டில் அடுப்பு மூட்டி, மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பை வைக்கிறாள். கதவு தட்டும் சத்தம். திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அவ்வளவுதான், பேர் போட ஆரம்பித்துவிட்டார்கள். கதவைத் தட்டியது பெகிரா, அவள் மனப்பிரமையா, எழுதினவனுக்கே வெளிச்சம். மூன்று வருடம் பார்த்த எங்களுக்கு இதுதான் கூலி.

அந்தக் கணம் அறையில் யாருமே தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. எல்லாரும் நாஸிரேயைத்தான் ஓரக்கண்ணால் பார்த்தோம். அவள் காலுறையைச் சுருட்டி வைத்துவிட்டு, "காலையிலே ஸெக்கியே அக்கா தோட்டம், நேரத்தோட வாங்க" என்றாள்.

முதல் கொழுந்துக் காலத்தில் ஒருவர் தோட்டத்துக்கு மற்றவர் போய்க் கைகொடுப்பது எங்கள் வழக்கம். மறுநாள் காலை மேலே ஏறும்போது, ஊற்றுத் திருப்பத்தில் ஸெக்கியே எங்களை வழிமறித்தாள். குன்றிலேயே மூத்தவள், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். முந்தின ராத்திரி பெகிருக்காக அழுது முகம் வீங்கியிருந்தது.

"கேட்டுக்குங்க. பெகிர் உயிரோட இருக்கார். கதவைத் தட்டினது அவர்தான். நாஸிரே முன்னாலே எவளாவது செத்துட்டார்னு வாயைத் திறந்தா, அவ என் தோட்டத்திலே கால் வைக்கக் கூடாது."

"நீதானே அக்கா நேத்து பெகிர் போயிட்டார்னு இன்னா லில்லாஹி சொன்னே" என்றேன்.

"ஸானியே, உன் வாயிலே கொழுந்தை அடைச்சிடுவேன்."

அவள் பயம் எங்களுக்கும் புரிந்தது. ஷெர்மின் கதை அப்படியே நாஸிரே கதை. பெகிர் செத்தார் என்று வாதாடினால் இவள் முகத்துக்கு நேரே செலாமி செத்தார் என்று சொன்ன மாதிரிதான். ஆகவே கேப்டனைப் பிழைக்கவைப்பது என்று ஊற்றடியில் ஒருமனதாக முடிவாயிற்று. காலடிச் சத்தம் கேட்டது என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டேன்.

நாஸிரே வந்து கத்தரியை எடுத்ததும் ஸெக்கியே ஆரம்பித்தாள். நல்ல முடிவு, கேப்டன் வந்து சேர்ந்துவிட்டார், மனசுக்கு நிறைவாக இருக்கிறது என்றாள். நாங்கள் ஆமாம் போட்டோம். நாஸிரே வெட்டுவதை நிறுத்தி எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா என்று கேட்டாள்.

பிறகு எங்களைப் பிரித்து மேய்ந்துவிட்டாள். கோப்பை இரண்டு இருந்ததே என்றாள் ஸெக்கியே. பெகிர் ஜெயிலில் இருந்தபோதும் ஷெர்மின் இரண்டு கோப்பைதான் வைத்தாள், அது அவள் பழக்கம் என்றாள் நாஸிரே. பூட்ஸ் சத்தம் கேட்டது என்றேன் நான். அது மேளக்காரன் போட்ட சத்தம், அதே சத்தம் நாடகத்துக் கிழவி படியில் விழுந்தபோதும் வந்தது என்று என் கதையை முடித்தாள். ஷெர்மின் சிரித்தாளே என்று ஸெக்கியே விடாமல் பிடித்தாள். புருஷன் புயலில் மாட்டித் திரும்பி வந்தால் எந்தப் பொண்டாட்டியும் முதலில் சிரிக்க மாட்டாள், நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் சிரிப்பாள் என்றாள் நாஸிரே. எங்கள் வீட்டிலெல்லாம் அப்படித்தான்.

அவளுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. எழுதினவனுக்குத் தைரியம் இல்லை, செத்த மனுஷனைச் செத்தான் என்று சொல்லாமல் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறான் என்று பொரிந்தாள். ஸெக்கியேயும் சும்மா இருப்பவள் இல்லை. நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்கிறோம் என்பதையே மறந்து, நிஜமாகவே வாதாட ஆரம்பித்துவிட்டாள்.

"பெகிருக்கு நீச்சல் தெரியும்டி. சின்ன வயசிலேருந்து கடல்லே கிடந்தவர்."

"நீச்சல் தெரிஞ்சு என்ன பண்றது? தொடை வரைக்கும் பூட்ஸோட இல்லே குதிச்சார்? அதோட விழுந்தவன் எவன் ஏறியிருக்கான்? மர்ஹூம் செலாமியே சொல்லுவாரு, பூட்ஸுக்குள்ளே தண்ணி போச்சுன்னா கடல் காலைப் பிடிச்சுக்கும், விடாதுன்னு."

எங்கள் கத்தரிகள் நின்றுவிட்டன. நாஸிரே மட்டும் அதே வேகத்தில் இன்னும் கொஞ்சம் வெட்டினாள். அப்புறம் அவள் கையும் நின்றது. நாங்கள் எல்லாரும் செடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஸெக்கியேதான் மெல்ல அருகில் போனாள்.

"வாய் தவறி வந்தது கண்ணு. யாரும் கேக்கலை. விட்டுடு."

"தவறலை அக்கா" என்றாள் நாஸிரே.

கத்தரியைச் செடி மேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்விட்டாள். ஸெக்கியே தலையில் அடித்துக்கொண்டாள். நான்தானே கிளறிவிட்டேன், என் நாக்கு அழுக என்று அரற்றினாள். கூடப் போ என்று என்னைத் தள்ளினாள். எதையாவது செய்துகொண்டுவிடுவாளோ என்று வழுக்கிக்கொண்டே ஓடினேன்.

அடுக்களை வாசலிலேயே வெண்ணெய் வாசனை வந்தது. நாஸிரே எனக்கு முதுகைக் காட்டி நின்று வாணலியில் ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் படுத்திருந்த குலிஸார் மாமி வாசனைக்கே எழுந்துவிட்டார். பகல் வேளையில் அல்வா வாசனை வந்தால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றார்.

"யாருடி மவுத்து?"

நாஸிரே திரும்பவில்லை. அகப்பையும் நிற்கவில்லை.

"செலாமி, மாமி."

கிழவி அலறுவார், விழுவார் என்று நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் விழவில்லை. மெதுவாக அடுப்படிக்குப் போய் மருமகள் கையிலிருந்து அகப்பையை வாங்கினார். "தள்ளிக்கோ. தீயைக் கூட்டி வச்சிருக்கே. என் பிள்ளைக்குக் கருகினா ஆகாது" என்றார். ஓதிக்கொண்டே கிண்டினார். கண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. நாஸிரே அவர் தோளில் முகத்தை வைத்து, எட்டு வருடமாக அழாததை எல்லாம் அழுதாள். நானும் அழுதேன். எட்டு வருடம் ஒண்டியாக நின்று ஒரு மனிதனைச் சாகவிடாமல் வைத்திருந்தவள், யாரும் தள்ளாமல் தானாகவே அவனைப் போகவிட்டாள். என்னால் முடியாது. எங்கள் குன்றில் வேறு எவளாலும் முடியாது.

கொஞ்ச நேரத்தில் தோட்டத்திலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். வரிசையாக ஆளுக்குக் கொஞ்சம் அகப்பையை வாங்கிக் கிண்டினோம். ஸெக்கியே ஓதிக்கொண்டே கிண்டும்போது அவள் குரல் முதல்முறையாக வெளியே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

வெட்டிய கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. சாயங்காலம் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். நீ வீட்டில் இரு என்று சொல்லியும் கேட்காமல் நாஸிரே அல்வாத் தட்டோடு கூடவே வந்தாள். அங்கே வரிசை முழுக்க அடுத்த குன்றுக்காரர்கள், ஒரே கூச்சல். அவர்களும் பெகிர் பிழைத்தாரா போனாரா என்றுதான் அடித்துக்கொண்டிருந்தார்கள். எடைபோடுகிற ரிஃப்கி தராசுக்குப் பின்னால் நின்று, கேப்டன் உயிரோடுதான் இருக்கிறார், அடுத்த வருடம் இரண்டாம் பாகம் வருகிறது, எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தான். நாஸிரே தட்டை அவன் முன்னால் வைத்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடேயப்பா, பெகிர் கேப்டனுக்கு அல்வாவே கிண்டிட்டியா? நீயும் அந்தக் கட்சிதானா அக்கா?"

ஸெக்கியே அவனை அறையவே கையை ஓங்கிவிட்டாள். நாஸிரே அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.

"முதல்லே என் வீட்டுக்காரருக்கு ஓது. மர்ஹூம் செலாமி. அப்புறம் உன் கேப்டனுக்கும் ஓது ரிஃப்கி. பாவம், அவருக்கும் யாரும் ஓதலை."

ரிஃப்கியின் முகத்தில் சிரிப்பு செத்துவிட்டது. செலாமி கதை தெரியாதவர்கள் அந்தக் கடற்கரையில் யாரும் இல்லை. அவன் மெதுவாக இரண்டு கையையும் ஏந்தினான். வரிசையில் நின்றவர்கள் மூட்டைகளைக் கீழே வைத்தார்கள். பிழைத்தார் என்றவர்களும் போய்விட்டார் என்றவர்களும் சேர்ந்து கையேந்தி, செலாமிக்காக ஓதினார்கள்.