தங்கபுஷ்பத்தின் தெத்துப்பல்

தங்கபுஷ்பத்தின் சிரிப்பு ஒருநாளும் அவளுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அது அவள் அப்பா வெள்ளைத்துரையின் பாத்திரக்கடைக்குச் சொந்தம். தினமும் காலையில் அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் வாசலில் வந்து நிற்க வேண்டும். "சிரி தாயி" என்பார். அவள் சிரிப்பாள். மேல்வரிசையில் வலப்பக்கம், மற்றப் பற்களை இடித்துக்கொண்டு துருத்தி நிற்கும் தெத்துப்பல் தெரியும். அதைக் கண்ணாரப் பார்த்த பிறகுதான் படி இறங்குவார். காய்ச்சலோ பரீட்சையோ, அந்தச் சிரிப்புக்கு மட்டும் லீவு கிடையாது.

வெள்ளைத்துரை திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் அலுமினியப் பாத்திரம் விற்றவர். அறுபத்தேழாம் வருஷம் புஷ்பத்துக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பல் எட்டிப் பார்த்த அதே மாதம் ரங்கநாதன் தெருவில் அவருக்கு ஒரு கடை அமைந்தது. அலுமினியம் எவர்சில்வர் ஆயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பழம் கையில் விழுந்தவரிடம் போய் யார் அதைச் சொல்வது? மகளுக்குத் தெத்துப்பல், வீட்டுக்கு ராசி என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சொந்தபந்தமும் ஆமாம் போட்டது.

எழுபத்து நாலில் சம்பந்தம் வந்ததும் அந்தப் பல்லை வைத்துத்தான். பாண்டி பஜாரில் இரண்டு மாடி ஜவுளிக்கடை வைத்திருந்த ராஜரத்தினத்தின் மனைவி தேவானைக்கும் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு தெத்துப்பல் உண்டு. அவள் கால் வைத்த நேரம்தான் கடை வளர்ந்தது என்று பெரிய பெயர். ஒரு கல்யாண வீட்டில் புஷ்பம் சிரித்ததைப் பார்த்த தேவானை, தன் மகன் தனபாலனுக்கு இவள்தான் என்று பந்தியிலேயே சொல்லிவிட்டாள். ஆவணிக் கடைசியில் நிச்சயம், தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். புஷ்பத்துக்கும் தனபாலனைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்தவன் பல்லைப் பார்க்காமல் அவள் கண்ணைப் பார்த்துப் பேசினான், அதனால் பிடித்திருந்தது.

வலி ஆடியில் தொடங்கியது. தெத்துப்பல்லுக்குப் பின்னால், அதன் மறைவில் ஒடுங்கிக்கொண்டு இன்னொரு பல் இருந்தது. தின்ற சோறெல்லாம் அந்த இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். பிரஷ்ஷும் நுழையாது, வேப்பங்குச்சியும் நுழையாது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் சிவப்பாக வரும். இதெல்லாம் பல காலமாக உள்ளதுதான். ஆனால் இப்போது அந்தப் பல்லுக்குள் யாரோ ஊசியை வைத்துத் திருகுவது போலிருந்தது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவளுக்கு வந்துவிட்டது. வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

முனகல் கேட்டுக் கேட்டுத் தாங்காமல், அம்மா பேச்சியம்மாள் ஒருநாள் கபாலி கோவிலுக்கு என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, மகளை லஸ் முனையில் பல் டாக்டர் கல்யாணராமனிடம் கூட்டிப் போனாள். அவர் விளக்கைத் திருப்பி, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"சின்ன வயசுல இந்தப் பக்கம் பால் பல்லு எதையாவது சீக்கிரமே பிடுங்கினேளா?"

"ஏழு வயசுல ஒண்ணு, டாக்டர். கருப்பட்டி மிட்டாயாத் தின்னு சொத்தையாயிட்டு. இவ அப்பாதான் நூலக் கட்டிப் புடுங்கினாவ. பால் பல்லுதான, மொளச்சிரும்னாவ."

"மொளைக்கும்மா. மொளைக்க இடம் வேணுமோல்லியோ? பின்னால வரப்போற பல்லுக்குப் பால் பல்லுதான் இடம் பிடிச்சு வெச்சிண்டிருக்கும். பாண்டி பஜார் பிளாட்பாரத்துல ஒருத்தன் நாலு நாள் கடை போடலேன்னா என்ன ஆறது? பக்கத்துக் கடைக்காரன் பாயை இழுத்துப் போட்டுண்டுடறான். திரும்பி வந்தவன் நடுரோட்டுல உக்காரணும். இவ பல்லு அப்படித்தான் ரோட்டுல உக்காந்திண்டிருக்கு. சில பேருக்குத் தாடை சின்னதா, பல்லு பெரிசாப் பிறவியிலேயே அமைஞ்சுடும். சிலது விரல் சூப்பிச் சூப்பிக் கோணலாகும். இவளுக்கு இதுதான் காரணம்."

பேச்சியம்மாளுக்குப் பிளாட்பாரக் கடை விஷயம் நன்றாகவே புரிந்தது. அவளே அங்கே உட்கார்ந்து விற்றவள்தான்.

"பின்னால இருக்கற சொத்தைப் பல்லை எடுத்துடலாம். கம்பி போட்டு இந்தத் தெத்துப்பல்லை மெள்ள அந்த இடத்துக்கு இழுத்துண்டு வரலாம். ஒண்ணரை வருஷம் பிடிக்கும். இப்படியே விட்டா ஒவ்வொண்ணாச் சொத்தையாகும், ஈறு கரையும், நல்ல பல்லும் ஆடும். அழகுக்காகச் சொல்லலை. முகம் வீங்கித்துன்னா ஒரு நாள்கூடக் காத்திருக்கப்படாது. மூக்குப் பக்கம் ரொம்பப் பொல்லாத இடம்."

திரும்பி வரும் பஸ்ஸில், டாக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் பேச்சியம்மாள் காதில் தங்கிவிட்டது. தெத்துப்பல் இருக்காது.

அன்றே புருஷனிடம் சொல்லிவிட்டாள். கோவிலுக்கென்று பொய் சொன்னதற்குக்கூட வெள்ளைத்துரை கோபப்படவில்லை. அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"அந்தப் பல்லப் பாத்துத்தான் பொண்ணு கேட்டு வந்திருக்காவ. நேராக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவிய முன்னால நிக்க? கல்யாணம் முடியட்டும். பொறவு பாத்துக்கிடலாம்."

"புள்ள ராத்திரி பூரா முனங்குதா."

"தை வரைக்குந்தான? பொம்பளப் பிள்ளைக்கு இந்தப் பொறுமகூட இல்லன்னா எப்படி?"

அவர் கெட்டவர் இல்லை. மகளுக்குத் தலைவலி என்றால் தைலத்தோடு நிற்பவர்தான். ஆனால் ராசி என்று ஒன்று மனிதனுக்குள் புகுந்துவிட்டால், கண்ணுக்கெதிரே பிள்ளை துடிப்பது தெரியாமல் போய்விடுகிறது. எனக்கு அவர்மேல் உள்ள கோபமெல்லாம் அதில்தான்.

கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர், சுக்கு என்று புஷ்பம் ஆவணிவரை ஓட்டினாள். ஒருபக்கமாகவே மென்றாள். பிறகு மெல்லுவதையே விட்டுக் கஞ்சிக்கு வந்தாள். நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள். மூக்கின் வலப்பக்கம் முழுக்க வீங்கிச் சிவந்திருந்தது. வீக்கம் கீழ் இமையைத் தொட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன பொல்லாத இடம் இதுதான் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"டாக்டர்ட்டப் போவோம்ப்பா" என்றாள். சொல் சரியாக வெளியே வரவில்லை.

வெள்ளைத்துரை பார்த்தார். அவர் மூளை கடைக்காரர் மூளை. நிமிஷத்தில் ஒரு பெயர் கண்டுபிடித்துவிட்டது.

"இது பொன்னுக்கு வீங்கில்லா. கழுத்துல பொன்னப் போட்டா தன்னால வடிஞ்சிரும்."

பேச்சியம்மாளின் இரட்டைவடச் சங்கிலி புஷ்பத்தின் கழுத்துக்கு வந்தது. பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி, நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று தேவானை வீட்டுக்கு ஆள் போயிற்று. வெள்ளைத்துரை அதோடு நிற்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர், பழக்கதோஷத்தில், "சிரி தாயி" என்றார்.

அவள் முயன்றாள். இடது உதடு மட்டும் அசைந்தது. வலது உதடு வீங்கி மேலேறி, அந்த ஒரு பல் மட்டும் வெளியே நின்றது. அது போதும் என்று அவர் கடைக்குப் போனார்.

மறுநாள் காய்ச்சல் கொதித்தது. வலது கண் பாதிக்குமேல் திறக்கவில்லை. பேச்சியம்மாள் ஈரத்துணியை மாற்றிப் போட்டுக்கொண்டே, வாசலையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். புருஷன் சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. மகளைப் பறிகொடுத்தும் பழக்கமில்லை. மத்தியானம் வெள்ளைத்துரை சாப்பிட வந்தவுடன் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. இறங்கியவள் தேவானை. பட்டணத்து நாகரிகமெல்லாம் பழகி அடையாறு காந்தி நகரில் வீடு கட்டியிருந்தாலும், மருமகளாக வரப்போகிறவளுக்குப் போடத் தன் கழுத்துச் சங்கிலியைத் துணியில் முடிந்து எடுத்து வந்திருந்தாள்.

"நம்ம வீட்டுப் பொன்னும் மேல படட்டும்னு வந்தேன், மதினி" என்று உள்ளே வந்தவள், புஷ்பத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

புஷ்பம் முந்தானையால் முகத்தை மூடினாள். தேவானை மெதுவாக அதை விலக்கினாள்.

"அண்ணாச்சி, பொன்னுக்கு வீங்கி காதுக்குக் கீழல்லா வீங்கும்."

"ஒவ்வொரு உடம்புக்கு ஒவ்வொரு மாதிரி..." என்று வெள்ளைத்துரை இழுத்தார்.

"ஏட்டி, வாயத் தொற."

வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான் திறந்தது. அதற்குள் நாற்றம் அறை முழுவதும் பரவியது. தேவானையின் முகம் மாறியது. சம்பந்தம் போயிற்று என்று மூன்று பேரும் நினைத்தார்கள். புஷ்பம் அழக்கூட முடியாமல் படுத்திருந்தாள். அழுதால் வலித்தது.

"மதினி, ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டாங்க" என்றாள் தேவானை.

பாத்திரக்கடைக்காரர் வீட்டில் கிண்ணத்துக்கா பஞ்சம்? பளபளவென்று ஒன்று வந்தது. தேவானை வெள்ளைத்துரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாயில் கையை விட்டு, மேல்வரிசை முழுவதையும் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். நாற்பத்திரண்டு வயதுக்காரியின் கன்னம் உள்ளே போய்விட்டது. தண்ணீருக்குள் கிடந்த பல்செட்டில், வலப்பக்கம், ஒரு பல் கோணலாகத் துருத்திக்கொண்டிருந்தது.

வெள்ளைத்துரை எட்டிப் பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார்.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு. அவள் பல்செட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"முப்பத்தொரு வயசுல எனக்கு மேல்வரிசை பூராப் போயிட்டு, அண்ணாச்சி. இதே தெத்துப்பல்லுதான். இடுக்குல சொத்தை, பொறவு சீழு. ராசிப் பல்லு, தொடக்கூடாதுன்னு எங்க வீட்லயும் வச்சிருந்தாவ. ஒண்ணத் தொடாம வச்சிருந்து எல்லாத்தையும் குடுத்தேன். பல்செட் கட்டும்போது எங்க வீட்டுக்காரவியளும் கூடவே வந்தாவ. அந்த ஒரு பல்ல மட்டும் பழையபடி கோணலா வையும்னு பல் கட்டுற சீனாக்காரர்ட்டச் சொன்னாவ. அவரு சிரிச்சிட்டே வச்சாரு. அதுக்குப் பொறவுதான் கடை ரெண்டு மாடி ஆச்சு. பொய்ப் பல்லுக்கே அம்புட்டு ராசின்னா, அந்த ராசி பல்லுலயா இருக்கு?"

தேவானை கிண்ணத்தை ஒதுக்கி வைத்தாள்.

"இவ்வளவும் பட்ட பொறவும், இவ சிரிச்சதப் பாத்ததும் எனக்கே ஆச வந்துட்டு பாருங்க. என் புத்தியத்தான் சொல்லணும்." தேவானை எழுந்தாள். "எந்திங்க, மதினி. டாக்ஸி நிக்கி."

பேச்சியம்மாள் இந்தத் தடவை புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. மகளைத் தாங்கிப் பிடித்து எழுப்பினாள். வெள்ளைத்துரை சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்து, டிரைவர் பக்கத்தில் ஏறினார்.

"லஸ்ஸா? இன்னா நைனா, பாப்பாவுக்குக் கண்ணே மூடிக்கினு கீது, இம்மாம் நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்றார் டிரைவர். வெள்ளைத்துரை திரும்பிப் பின்சீட்டில் மகளைப் பார்த்தார்.

டாக்டர் கல்யாணராமன் பார்த்தவுடன் மற்ற நோயாளிகளை வெளியே காத்திருக்கச் சொன்னார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்லி வெள்ளைத்துரை கையில் கொடுத்தார். "இந்த இடத்துலேர்ந்து ரத்தக் குழாய் நேரா உள்ளே போறது. சீழ் கண்ணுக்குப் பின்னால ஏறும், அங்கேந்து மூளைக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தேள்னா, பெரியாஸ்பத்திரியில கூட உத்தரவாதம் சொல்ல மாட்டா" என்றார். கதவு மூடிற்று.

வெளி பெஞ்சில் வெள்ளைத்துரை சங்கிலியைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒருமுறை புஷ்பம் அலறியது கேட்டது. அவர் எழுந்து கதவருகே போனார். மறுபடி வந்து உட்கார்ந்தார். ஏழு வயதில் நூல் கட்டி இழுத்தபோதும் அவள் இப்படித்தான் அலறினாள் என்பது இப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் சிரித்திருந்தார்.

டாக்டர் வெளியே வரும்போது சட்டையெல்லாம் வியர்த்திருந்தது. சீழை வெட்டி எடுத்தாயிற்று, பென்சிலின் போட்டாயிற்று, இன்று ராத்திரி காய்ச்சல் இறங்கினால் பிழைத்தோம் என்றார். நாலு நாள் கழித்துச் சொத்தைப் பல்லை எடுக்க வேண்டும். புண் ஆறிய பிறகு கம்பி.

"கம்பி போட்டா தெத்துப்பல் உள்ள போயிரும், மதினி" என்று பேச்சியம்மாள் தேவானையிடம் மெல்லச் சொன்னாள். பின்னால் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று அவளுக்கு.

"போட்டும். தையில கம்பியோடயே எங்க வீட்டுக்கு வரட்டும்."

ராத்திரி வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். விடியக் காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. புஷ்பம் கண் விழித்தபோது வலது கண்ணும் கொஞ்சம் திறந்தது. பாதி முகத்துக்குப் பஞ்சும் பிளாஸ்திரியும். அப்பா கடைக்குக் கிளம்பும் நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. பழக்கம் விடுமா? சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள். சிரிப்பதற்காக உதட்டை அசைத்துப் பார்த்தாள். முடியவில்லை. பயமாக இருந்தது.

வெள்ளைத்துரை சாவிக்கொத்தோடு வந்தார். அவள் முன்னால் நின்றார். சாவிக்கொத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பிளாஸ்திரி இல்லாத கன்னத்தில் கையை வைத்தார்.

"வலிக்கா தாயி?" என்றார்.

அவர் அதை ஒருநாளும் கேட்டதில்லை. ஆடியிலும் கேட்கவில்லை, ஆவணியிலும் கேட்கவில்லை, அந்தப் பல் முளைத்த நாளிலிருந்தே கேட்டதில்லை. ஆமாம் என்று தலையாட்டும்போதே புஷ்பத்துக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவள் அழுது முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார். அன்றைக்கு ரங்கநாதன் தெருவில் அந்தப் பாத்திரக்கடை மட்டும் வெகுநேரம் பூட்டியே கிடந்தது.