சுவரில் நுழைபவனைக் குகையில் அடைத்த கதை

சுவருக்குள் புகுந்து போகிறவனைக் குகையில் தள்ளி, வாயைப் பாறையால் அடைத்துவிட்டால் அவன் எப்படி உள்ளேயே அடங்கிக் கிடப்பான்? எட்டு வயதில் இந்தக் கேள்வி என் தூக்கத்தைத் தின்றது.

கேள்வியை எனக்குக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. மெட்ராஸில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்குக் காஞ்சிபுரம் வந்தபோது எனக்கென்று ஒரு சிறுவர் பத்திரிகை வாங்கி வந்தார். அதில் மின்னல்கவசன் என்ற வீரனைப் பற்றி ஒரு படக்கதை. ஏழு கடலுக்கு அப்பால் குழந்தை அழுதாலும் மின்னல்கவசனுக்குக் கேட்கும். முதுகுக்குப் பின்னால் கத்தியோடு வருகிறவனின் காலடி மட்டும் கேட்காது. வானத்தில் பறப்பான், அவசரமென்றால் ரயிலுக்குக் காத்திருப்பான். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கருநிழலான் என்ற கொடியவன் கதை முழுக்கச் சுவர், கதவு, இரும்புப் பெட்டி என்று எல்லாவற்றுக்குள்ளும் புகை மாதிரி புகுந்து வந்தவன். அவனைக் குகையில் தள்ளி, ஒரு பாறையை உருட்டி வைத்துவிட்டு, மின்னல்கவசன் கையைத் தட்டிக்கொண்டு பறந்துபோனான். முற்றும்.

"மாமா, அவன் பாறையிலயும் பூந்து வந்துடுவானே?"

"அதான் மூடிட்டாங்களேம்மா."

"பேங்க் சுவத்துல வந்தவன் பாறையில வரமாட்டானா?"

மாமா பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கதைக்குக் காலேது, கொழுக்கட்டைக்குத் தலையேது?" என்று சிரித்துவிட்டு மெட்ராஸ் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அவருக்கென்ன, சிரித்துவிட்டார். கதை எழுதியவருக்கே மறந்துபோன விஷயம் என்றால் கருநிழலான் வெளியே வந்துவிட்டதை வேறு யார் கவனிக்கப் போகிறார்கள்? மின்னல்கவசன் திரும்பிப் பார்க்கும் ஜாதியே இல்லை. ஆக, அவன் வெளியே வந்துவிட்டான் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் அவன் வந்து சேர வசதியான இடம் ஒன்று இருந்தது. அப்பாவின் தறிக்குழி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் கீழே தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிப்பார். நீளவாக்கு நூலான பாவை மேலே விரித்துவிட்டால் குழிக்குள் பகலிலேயே இருட்டு. மண்ணுக்குள் வருகிறவன் தலை நீட்ட அதைவிட நல்ல வாசல் கிடைக்குமா? தெருவில் வீட்டுக்கு வீடு அப்படியொரு குழி இருந்தது என்பது என் பயத்தை எந்த வகையிலும் குறைக்கவில்லை.

தை மாதம் முடிவதற்குள் பெரியவர்களின் பேச்சு தாழ்ந்த குரலுக்கு இறங்கிவிட்டது. மெட்ராஸில் இந்தி வேண்டாமென்று மாணவர்கள் ஊர்வலம் போகிறார்கள், போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது என்று காதில் விழுந்தது. அப்படியிருக்கையில் ஒரு நாள் காலையில் அப்பா தறியறைக் கதவைச் சாத்திவிட்டு, "புதுசா பாவு பூட்டியிருக்குது. யாரும் உள்ள போவக்கூடாது" என்றார். புதுப் பாவு பூட்டிய வீட்டில் தறிச் சத்தமே கேட்கவில்லை. அம்மா முந்தானைக்குள் தட்டை மறைத்துக்கொண்டு உள்ளே போனார். வெறும் தட்டோடு வெளியே வந்தார்.

நான் கதவில் காதை வைத்தேன். பூமிக்கு அடியிலிருந்து ஓர் இருமல்.

"அம்மா, குழியில யாரு?"

அம்மா என் வாயைப் பொத்தினார். "யாருமில்ல. யாரு கேட்டாலும் யாருமில்லன்னு சொல்லு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. கருநிழலான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் வெளியே வராமலிருக்க அம்மா சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். சோறு தீர்ந்தால்?

மறுநாள் மத்தியானம் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மீசை நரைத்த ஏட்டு ஒருவர், கூடவே இளவயதுப் போலீஸ்காரர். "உன் தம்பி இங்க வந்தானாம்மா?" என்று ஏட்டு கேட்க, "பொங்கலுக்கு வந்துட்டுப் போனதுதாங்கய்யா" என்றார் அம்மா. இளையவர் பரணில் ஏறினார், சமையலறையில் பானைகளை நகர்த்தினார், கொல்லைக்குப் போய் வந்தார். கடைசியில் தறியறைக் கதவைத் தள்ளினார்கள்.

அப்பா தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. நான் பார்த்தது நாடாவை அல்ல. அப்பாவின் இரண்டு கால்களும் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தன.

யாருமில்லை என்று சொல்லச் சொல்லியிருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"அப்பா! காலை மேல எடுப்பா! அவன் இழுத்துடுவான்!"

நாடா நின்றது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எவன் பாப்பா?" என்றார் ஏட்டு.

"குழியில ஒளிஞ்சிக்கினு இருக்கான். அம்மாதான் சோறு போடறாங்க."

"அதான், எவன்?"

"கருநிழலான்."

இளையவர் கெக்கெக்கென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ரோஷத்தை மூட்டியது. அழுதுகொண்டே சொன்னேன்: பேங்க் சுவரில் புகுந்தது, இரும்புப் பெட்டியில் புகுந்தது, குகை, பாறை, திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துபோன கவசன். "பாறையை வச்சா அவன் வரமாட்டானா? நீங்களே சொல்லுங்க!"

அப்போது குழிக்குள் இருமல் கேட்டது. அது முடியுமுன்னே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெரிதாக இருமினார்.

ஏட்டு குழிப் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டி நாலு அடி வைத்து லத்தியால் குத்திப் பார்ப்பார், என் அப்பாவைக் காப்பாற்றுவார் என்று காத்திருந்தேன். அவரோ குனிந்து என் கன்னத்தைத் துடைத்தார்.

"உங்கப்பாவுக்கு இருமல் ஜாஸ்தியா கீது. கஷாயம் வச்சிக் குடுக்கச் சொல்லு."

"அப்பாவுக்கு இருமலே கிடையாதே!"

"கீது பாப்பா. நான் கேட்டேன்." இளையவரிடம், "இங்க ஒண்ணும் இல்லபா, வா" என்று சொல்லி, செருமிக்கொண்டே வெளியே நடந்தார்.

பூட்ஸ் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகு குழியிலிருந்து ஒரு கை மேலே வந்து விளிம்பைப் பற்றியது. நான் போட்ட அலறலில் அம்மா என்னைத் தூக்கி மார்போடு அழுத்திக்கொண்டார். முடியெல்லாம் பட்டு நூல் தூசியும் மண்ணுமாக ஏறி வந்தது மாமா. கண்கள் குழிவிழுந்து, ஒரு பக்க உதடு வீங்கியிருந்தது. "என்னைக் காட்டிக் குடுக்கப் பாத்தியேடி" என்று சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது. அம்மா என்னை விடாமலே அழுதார். அன்று பொழுது சாய்கிற நேரத்தில் வைக்கோல் வண்டியில் அவரைப் பக்கத்துத் தாமல் கிராமத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஊர் அடங்கியபின் திரும்பி வந்து படிப்பை முடித்தார்.

எனக்கு இரண்டொரு நாள் காய்ச்சல் அடித்தது. காய்ச்சலோடு கருநிழலானும் போய்விட்டான். ஏட்டு மட்டும் எனக்கு நல்ல வேடிக்கைப் பொருளாக மிஞ்சினார். இல்லாத இருமலுக்குக் கஷாயம் சொன்ன ஏமாளி என்று அவர் மாதிரியே செருமி நடித்துக் காட்டுவேன். மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். அம்மா சிரித்ததில்லை.

அந்த வைகாசி கருட சேவைக்கு என்னை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார் அம்மா. கயிறு பிடித்து ஜனங்களை ஒதுக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர்களில் அந்த நரைத்த மீசையும் இருந்தது. பெருமாள் இன்னும் கோபுர வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பார்வை கோபுரத்தின் பக்கமே இல்லை, ஏட்டு நின்ற பக்கம் இருந்தது.

பாவம், அம்மாவுக்குப் போலீஸ் பயம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.