லீவே போடாத மேனேஜர்

போன வாரம் சிவகாசியில் ஒரு கிரகப்பிரவேசம். சாப்பாடு முடிந்ததும், தனத்தைப் பார்த்துவிட்டு வரலாமே என்று அவளுடைய கம்பெனிக்குப் போனேன். தனலட்சுமி, கல்லூரி ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறாள். கணவர் இறந்த பிறகு தொழிலைத் தனியாகத்தான் நடத்துகிறாள்.

எப்போது போனாலும் பர்ச்சேஸ் மேனேஜர் ராஜாமணிதான் எழுந்து வந்து வரவேற்பார். அன்று அவர் நாற்காலியில் தனமே உட்கார்ந்திருந்தாள்.

"அவர அனுப்பிட்டேன்" என்றாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. ராஜாமணியின் புகழ் பாடாமல் தனம் போனை வைத்ததே கிடையாது. பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். லீவே போடமாட்டார். சொந்த மகளின் கல்யாணத்தன்றுகூட சாயங்காலம் வந்து லோடு இறக்கிவிட்டுப் போனவர். ஆயுத பூஜை அன்று எல்லோர் முன்னிலையிலும் தனம் அவருக்கு மோதிரம் போட்டுவிட்டாள். இப்படி ஓர் ஆள் நமக்குக் கிடைக்கமாட்டாரா என்று மற்ற முதலாளிகள் ஏங்குவார்களாம்.

அப்புறம் என்ன ஆயிற்று?

சீசன் உச்சத்தில் இருந்தபோது ராஜாமணிக்குப் பித்தப்பையில் கல். மதுரையில் சேர்த்து ஆபரேஷன். ஒரு மாதம் அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் படுக்கையிலும் மனிதருக்குக் கம்பெனி நினைப்புதான் — என் சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், சப்ளையர்கள் காத்திருப்பார்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். தனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சீசன் காத்திருக்குமா? அவளே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சில நாளில் விருதுநகரிலிருந்து ஒருவர் வந்தார். வெகுநாளாக இவர்களுக்கு அட்டை சப்ளை செய்கிறவர். ஆனால் தனத்தோடு நேரில் பேசியதே இல்லை. லோடு இறக்கியாயிற்று, டீயும் குடித்தாயிற்று... ஆள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ராஜாமணி அண்ணாச்சி இல்லையே... உங்க பங்க உங்க கையிலயே குடுத்திரவாம்மா?"

"என்ன பங்கு?"

அவர் விழித்தார். "முதலாளியம்மாவுக்குன்னு சொல்லித்தானே லோடுக்கு லோடு வாங்குவாக. எல்லார்கிட்டயும் அப்பிடித்தாம்மா."

எல்லாரிடமும்!

சப்ளையர் என்ன, தன் கைக்காசையா எடுத்துக் கொடுப்பார்? ரேட்டில் ஏற்றுவார், இல்லை அட்டையில் குறைப்பார். லாரியில் போகும்போதே பெட்டி கிழிகிறது என்று வந்த புகார்களுக்கெல்லாம் தனத்துக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. ஆனால் அந்த நஷ்டம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"இம்புட்டு வருசமா ஊருக்குள்ள என்னையப் பத்தி என்னன்னு பேசியிருப்பாக?" என்று என்னிடம் கேட்டாள்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த ராஜாமணி முதலில் மறுத்தார். விருதுநகர்க்காரரின் பேரைச் சொன்னதும் வேறு மாதிரி பேசினார். எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதானே, ராப்பகலாக உழைத்தவனுக்கு இதுகூடக் கிடையாதா என்றார்.

"சம்பளம் பத்தலைன்னா எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல அண்ணாச்சி" என்றாள் தனம். "எம் பேரச் சொல்லி எதுக்குக் கேட்டீக?"

அன்றோடு கணக்கு முடித்து அனுப்பிவிட்டாள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கம்பெனியில் பாதிப்பேர் ராஜாமணிக்காகப் பரிதாபப்பட்டார்கள். கமிஷன்தானே வாங்கினார், களவா செய்தார் என்று தனத்திடமே கேட்டார்களாம். தாலுகா ஆபீசில் வாங்கினால் லஞ்சம் என்கிறோம், வாய் வலிக்கத் திட்டுகிறோம். அதையே கம்பெனியில் வாங்கினால் கமிஷன்... கவனிப்பு... மாமூல்! பெயரை மாற்றினால் காரியம் சுத்தமாகிவிடுமா?

லீவு போடாததற்கும் எனக்கு இப்போதுதான் அர்த்தம் விளங்கியது. எல்லோரையும் சொல்லவில்லை. ஆனால், தன் நாற்காலியில் ஒரு நாள்கூட இன்னொருவர் உட்காரக்கூடாது என்று ஒருவர் துடித்தால், அது விசுவாசம்தானா என்று ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.

தனத்துக்கு இன்னொன்றும் உறுத்தியது. விருதுநகர் பக்கம் மல்லாங்கிணற்றில் பாண்டியம்மாள் என்றொரு பெண். பெட்டிக்குள் வைக்கிற அட்டைத் தடுப்புகளை அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிவைத்துச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். தரம் சரியில்லை என்று சொல்லி ராஜாமணி அவரை நிறுத்திவிட்டார். அதன்பிறகு ஒரு கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டபோது, தனம் சிரித்தும் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சரக்கை நிறுத்திய கோபம் என்றுதான் இவள் நினைத்திருந்தாள்.

நேராக மல்லாங்கிணற்றுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னாள். பாண்டியம்மாளும் தன் பக்கம் நடந்ததைச் சொன்னாராம். பங்கு தரமுடியாது என்று அவர் மறுத்ததால்தான் ஆர்டர் நின்றிருக்கிறது. வேலை பார்த்த பெண்களெல்லாம் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள்.

"உங்களப் பத்தி பாக்குறவுககிட்டயெல்லாம் கேவலமாப் பேசிட்டேன்க்கா" என்றாராம் கடைசியில். "அதையெல்லாம் நான் எப்பிடித் திரும்ப அள்ள?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தாயி."

"உங்க பேரச் சொல்லித்தான வாங்குறாக... உங்ககிட்டயே வந்து எப்பிடிக் கேக்க? கேக்கணும்னாலும் உங்க நம்பர் யாருகிட்ட இருக்கு? எல்லாத்துக்கும் அவருதான."

தனம் அங்கேயே தன் நம்பரைக் கொடுத்தாள். பாண்டியம்மாள் மறுபடி ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பழைய பெண்களில் சிலர்தான் திரும்பி வந்திருக்கிறார்கள்.

தொழில் நடத்துகிற வாசகர்களிடம் ஒரே ஒரு கேள்வி — உங்களுக்குச் சரக்கு போடுகிறவர்களிடம் உங்கள் போன் நம்பர் இருக்கிறதா?